காம்புள்ள தக்காளி

இந்தக் கோடையில் தக்காளி காய்க்க வைக்காமல் விடுவதில்லை என்று தையல்காரர் சபதம் போட்டார். செடிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் சபதத்துக்குக் காரணம் இருந்தது. மகளின் மேசை இழுப்பறையில் அவள் வாங்கி வைத்துவிட்டுப் போன விதைப் பொட்டலம் கிடந்தது. போனவள் வேறு ஊருக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலே நாள்தான்.

மாடித் தோட்டம் அவளுடையது. அன்றிலிருந்து மனைவி மாடிப்படியில் கால் வைக்கவில்லை. ஒரே ஒரு பழம் பழுத்தால் ஏறி வந்து பார்ப்பாள் என்று அவர் நம்பினார்.

பொட்டலத்தில் இருந்த அத்தனையும் விதைத்தார். ஒன்றே ஒன்று முளைத்தது. பழைய திரைச்சீலையைப் பந்தலாகக் கட்டி, அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். பூத்தது. அடித்த வெயிலில் பூவெல்லாம் கொட்டியும் போனது. அதைச் சொல்லத்தான் படியிறங்கினார். சமையலறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனைவியைக் கண்டதும் வாய் வேறெதையோ உளறியது.

"பழுத்துடுச்சும்மா! நாளைக்கு வந்து பாரு."

சொல்லியாயிற்று. பழத்துக்கு எங்கே போவது? தெருக்கோடி காய்கறிக்கடைக்கு ஓடி, கூடையைக் கிளறி, காம்போடு ஒரு தக்காளி பொறுக்கினார். பச்சை நூலால் கிளையில் கட்டினார். சட்டைப் பொத்தானுக்குப் போடுவதுபோல மூன்று சுற்று, ஒரு முடிச்சு, மிச்ச நூலைப் பல்லால் ஒரு கடி.

மறுநாள் மனைவி வந்தாள். படிக்குப் படி நின்று நின்று வந்தாள். பழத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அவ வாங்கின விதை" என்றாள்.

ஆளுக்குப் பாதியாய் உப்புத் தொட்டுத் தின்றார்கள். மகள் போன பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றைத் தின்றது அன்றைக்குத்தான். தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கும் பழுக்குமாங்க?"

"ஏன் பழுக்காது?"

வந்தது வினை. தினமும் அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கடைக்கு ஓட்டம். முழங்கால் உயரச் செடி மூன்று வாரமாய் நாளுக்கொரு பழம் தந்தது. ஒருநாள் உருண்டை, ஒருநாள் நீளம். அவளும் மறுபேச்சில்லாமல் பறித்தாள். இப்படி ஒரு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு உறுத்தவே செய்தது.

அன்று காய்கறிக்கடைக்காரம்மா ஒரு பொடித் தக்காளியை நீட்டினாள்.

"என்னம்மா இது, கோலிக்குண்டு மாதிரி? பெருசா குடு."

"அக்கா இதத்தான் குடுக்கச் சொன்னாங்கண்ணே. நேத்து பெருசைக் கட்டி கிளை ஒடியப் பாத்துச்சாமே?"

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். ரெண்டாம் நாளே வந்து சொல்லிட்டாங்களே, 'அவரு வருவாரு, காம்போட ஒண்ணு எடுத்து வையி'ன்னு. இல்லன்னா தினமும் காம்போட எப்படிக் கிடைக்கும்?"

தையல்காரர் வீட்டுக்கு வந்து மாடியேறினார். மனைவி செடி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும். முப்பது வருஷமா உங்க கடைச் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன். அந்த முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கும்மா தினமும் கஷ்டப்பட்டு ஏறி வந்த?"

அவள் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவ போனதுலேர்ந்து நீங்க கடையத் திறக்கல. யார்கிட்டயும் பேசல. வாசல் தாண்டிப் போனதே இந்தத் தக்காளிக்குத்தான். நான் வரலைன்னா நீங்க மறுபடி போய்ப் படுத்துக்குவீங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படி அழவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அவ இருந்திருந்தா நம்மளப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா" என்றாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, நான் கீழ போயிட்டு மறுபடி வரேன். அதுக்குள்ள கட்டி முடிங்க."