மூன்றாம் தடவை மன்னிப்பு

ஹைஃபா,
பாவமன்னிப்பு உபவாச நாளுக்கு நான்கு நாள் முன்பு

பாசமுள்ள எப்சிபா அக்காவுக்குத் தங்கை தீர்ஸா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால் வலி, என் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர், எல்லோரும் சௌக்கியம். திபேரியாவில் நீயும் அத்தானும் மகள் யாயேலும் புத்தாண்டுக்கு ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ என்னோடு பேசி ஐந்து வருஷம் ஆகிறது. இந்த உபவாசத்துக்குள் நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இது மூன்றாவது.

இந்த வருஷம் பிள்ளைகளுக்குப் பாவமன்னிப்புப் பாடம் எடுத்தேன், அக்கா, எடுத்திருக்கவே கூடாது. கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பார், மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷரிடமே போய், இன்னது செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், மூன்று தடவை கேட்டும் மன்னிக்காவிட்டால் பாவம் அவர்கள் தலையில் என்று நம் மதச் சட்டத்தில் உள்ளபடிதான் சொன்னேன். மறுநாள் காலையிலேயே இத்தமாரின் அம்மா போன் போட்டாள். பையன் தங்கச்சியை நறுக்கென்று கிள்ளிவிட்டு, ஒரே மூச்சில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டு, அவள் அழுதுகொண்டிருக்கும்போதே "மூணு ஆச்சு, இனிமே அது உன் பாவம்" என்று போய்விட்டானாம். ஆவிவா கீழ்வீட்டுக்காரரிடம் மாதுளம்பழம் பறித்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள், மனுஷர் மனசு உருகி மன்னித்து உள்ளே போனதும் இன்னும் இரண்டு பறித்திருக்கிறாள், கேட்டால் அதற்கும் சேர்த்துத்தான் கேட்டேன் என்கிறாள். சரி, கடற்கரைக்கே கூட்டிப்போவோம், பாவத்தை ரொட்டித் துணுக்காகத் தண்ணீரில் விடும் சடங்கில் என்ன வம்பு வரப்போகிறது என்று போனால், துணுக்கை எல்லாம் கடற்காகங்கள் கொத்திக்கொண்டு போக, அந்தப் பறவைகள் இனிமேல் பொய் சொல்லுமா, கிள்ளுமா என்று பதினொன்றும் மணலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டன. அவற்றைச் சமாதானம் செய்வதற்குள் எனக்கு வாய் வறண்டுவிட்டது.

திரும்பும் வழியில் ஆவிவா, நான் யாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று ஆரம்பித்தாள். அக்காவிடம், இரண்டு தடவை, கடிதத்தில் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். என்ன எழுதினேன் என்று குடைந்தாள். 'உன் மனம் புண்படும்படி ஏதாவது நடந்திருந்தால் பொறுத்துக்கொள்' என்று எழுதியதைச் சொன்னேன்.

"நீங்க என்ன பண்ணீங்கன்னே எழுதலையே டீச்சர்?" என்றாள்.

"அவளுக்கே தெரியும்டி."

"உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

நான் நடையை எட்டிப்போட்டேன். இத்தமார் மட்டும், டீச்சரும் என்னை மாதிரிதான் என்று சந்தோஷமாகக் கூவிக்கொண்டு வந்தான்.

ஆகவே இப்போது எழுதுகிறேன். அம்மாவுக்காகத் துக்கம் காத்த ஏழு நாளில், நீ மூன்றாம் நாள்தான் வந்தாய். உறவுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் நான், "அம்மாவைப் புதைச்சாச்சு, இப்ப வந்து யாருக்குக் காட்ட அழற?" என்றேன். யாயேல் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். முந்தின ராத்திரி அத்தான் போனில் சொன்னார். தெரிந்தேதான் கேட்டேன், அக்கா. அம்மாவின் கடைசி வாரம் முழுக்கத் தனியாகக் கிடந்து பயந்துபோயிருந்தேன், அந்தப் பயத்தை உன் மேல் கொட்டினேன். நீ கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாய். என்னை மன்னித்துவிடு.

மூன்று தடவை கேட்டாயிற்று. சட்டப்படி என் கடமை தீர்ந்தது. இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன், எழுதவும் மாட்டேன். ஜீவ புத்தகத்தில் உன் பெயரும் அத்தான் பெயரும் யாயேல் பெயரும் நல்ல வருஷத்துக்கென்று எழுதப்பட்டு முத்திரை விழட்டும்.

உன் தங்கை,
தீர்ஸா

பி.கு.: தொந்தரவு செய்யமாட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. மூன்று தடவை என்பதெல்லாம் சட்டத்துக்கு. எனக்கு இருப்பது ஒரே அக்கா. உபவாசத்துக்கு முந்தின நாள் காலைப் பஸ்ஸில் நானே வருகிறேன். அன்று மதியத்தோடு பஸ் எல்லாம் நின்றுவிடும், மறுநாள் இருட்டும் வரைக்கும் திரும்பிப் போக வழி கிடையாது. அது தெரிந்துதான் வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் உன் வாசற்படியிலேயே உபவாசம் இருப்பேன்.