சொந்தக் கம்பெனிக்கு விசிட்டர்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க கம்பெனிக்குள்ள போகணும்.

ஒன்பது வருஷமா வாரத்துக்கு ஆறு நாள் போற கம்பெனிதான். ஓசூர்ல வண்டிக்கு கியர் செய்யற இடம். நான் கிரைண்டிங் லைன்ல ஆபரேட்டர். இதுல என்னய்யா கஷ்டம்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

விஷயம் என்னன்னா, காலையில பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. புதுசா சேர்றவங்களுக்கு வேலை கத்துக் கொடுக்கிற ட்ரெய்னிங் செக்‌ஷன்ல ஒரு இடம் காலி. அந்த இடத்து மேல எனக்கு ரொம்ப நாளா கண்ணு. மெஷின் ஓட்டறதை விட, மெஷினைப் பார்த்து மிரண்டு நிக்கறவங்களுக்கு அதைப் புரிய வைக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஏற்கெனவே ரெண்டு தடவை அப்ளை பண்ணி ரெண்டு தடவையும் ஊத்திக்கிச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா வயசு தாண்டிடும், அப்புறம் ரிட்டயர்மென்ட் வரைக்கும் கிரைண்டிங்தான்.

நோட்டீஸ்ல கடைசியா ஒரு வரி போட்டிருந்தாங்க. ஃபார்மல் டிரஸ்ல வரணுமாம்.

என்கிட்ட இருக்கிறது நாலு செட் சாம்பல் கலர் யூனிஃபார்ம், ஒரு கல்யாண வேட்டி, ஒரு பூப்போட்ட சட்டை. அந்தப் பூச்சட்டை ஆயுத பூஜைக்கு. எங்க பக்கத்து ஃபேக்டரிகள்ல அன்னைக்கு மட்டும்தான் கலர் டிரஸ் போட விடுவாங்க. அதனால வருஷத்துக்கு ஒரு நாளைக்குத் தேவையான அளவுக்குத்தான் எனக்கு ரசனை வளர்ந்திருக்கு.

என் வீட்டுக்காரம்மா ஜெயா விஷயத்தைக் கையில எடுத்துக்கிட்டா. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட் வாங்கினா. அவ தம்பி மெடிக்கல் ரெப். அவன்கிட்ட இருந்து டை, பளபளன்னு ஷூ, ஒரு கறுப்பு லெதர் பேக் எல்லாம் வந்து சேர்ந்துச்சு. பேக் எதுக்குன்னு கேட்டேன். கையை வீசிக்கிட்டுப் போனா மதிப்பா இருக்காதுன்னா. சரி, சும்மா இருக்கிற பேக்ல எலுமிச்சை சாதத்தையாவது வைன்னு டிபன் பாக்ஸை உள்ள தள்ளினேன்.

கண்ணாடியில பார்த்தேன். இன்சூரன்ஸ் போடச் சொல்லி வர்ற ஆள் ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சாரு.

பாகலூர் ரோட்டுல வழக்கமான ஸ்டாப்ல போய் நின்னேன். எங்க கம்பெனி பஸ் வந்துச்சு. கையைக் காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்தாரு, ஒன்பது வருஷமா தினம் குட்மார்னிங் சொல்ற அதே டிரைவர், பின்னாடி டவுன் பஸ் வருதுன்னு கையால சைகை காட்டிட்டு போய்க்கிட்டே இருந்தாரு. உள்ள இருந்தவங்க எல்லாம் தூக்கம். ஒரு ஜன்னல்ல ஒருத்தன் வாயைப் பொளந்து தூங்கினதை மட்டும் பார்த்தேன்.

அப்பத்தான் புரிஞ்சுது. அந்த மனுஷன் இத்தனை வருஷமா நிறுத்தினது எனக்கு இல்ல. சாம்பல் கலர் சட்டைக்கு.

ஷேர் ஆட்டோ பிடிச்சு, பாதி உட்கார்ந்து பாதி தொங்கி, ஒருவழியா கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்ல செக்யூரிட்டி மாதப்பா அண்ணன். தளி பக்கத்துக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு சல்யூட் வச்சாரு.

"சார், யாரு பேக்கு?"

யார் வேணும்னு கன்னடத்துல கேக்கறாரு. ஆனா தமிழ்ல எடுத்துக்கிட்டாலும் அந்த நேரத்துக்குச் சரியான கேள்விதான். நான்தான் பேக்குன்னு சொல்லியிருக்கணும்.

"அண்ணா, நான் குமரேசன். கிரைண்டிங் லைன்."

மேல இருந்து கீழ பார்த்தாரு. சிரிச்சாரு. "குமரேசனை எனக்குத் தெரியும் சார். அவர் தலை சீவ மாட்டாரு."

ஐடி கார்டைத் தேடினேன். அது யூனிஃபார்ம் பாக்கெட்ல குத்தியிருந்துச்சு. யூனிஃபார்ம் வீட்ல பக்கெட்ல ஊறிக்கிட்டிருந்துச்சு. பேர் சொன்னேன், எம்ப்ளாயி நம்பர் சொன்னேன், போன தீபாவளிக்கு அவர் எனக்குக் கொடுத்த அதிரசத்தைக் கூடச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் முகத்தை உத்துப் பார்த்தாரு. லேசா சந்தேகம் வந்துச்சு. ஆனா ரூல் ரூலுதான்னுட்டாரு. கார்டு இல்லாதவங்க விசிட்டர். நோட்டுல கையெழுத்துப் போடணும். யாரைப் பார்க்கணும்ங்கிற இடத்துல ட்ரெய்னிங் செக்‌ஷன்னு எழுதினேன். என்ன விஷயம்ங்கிற இடத்துல அவரே ஆபீஸ் வேலைன்னு எழுதிக்கிட்டாரு.

அதோட விட்டாரா? விசிட்டர் எல்லாம் சேஃப்டி வீடியோ பார்க்கணுமாம். ஒரு ரூம்ல உட்கார வச்சு டிவியைப் போட்டாரு. மணி ஒன்பதே முக்கால். திரையில ஒரு தொழிலாளி கண்ணாடி, இயர் பிளக், க்ளவ்ஸ் எல்லாம் மாட்டி, சிரிச்ச முகத்தோட மெஷினை ஆன் பண்றான்.

அது நான்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி என்னைத்தான் நடிக்க வச்சாங்க. திரையைக் காட்டி, "அண்ணா, அது நான்"னேன். மாதப்பா அண்ணன் பொறுமையா சொன்னாரு, "முழுசா பாருங்க சார், அப்புறம் பேசலாம்."

வீடியோ முடிஞ்சதும் ஒரு வெள்ளை ஹெல்மெட், பெரிய சேஃப்டி கண்ணாடி, மாஸ்க், கழுத்துல சிவப்பு டேக். ட்ரெய்னிங் செக்‌ஷனுக்கு வழி எங்க லைன் நடுவுலதான். மஞ்சள் கோட்டுக்குள்ள நடக்க ஆரம்பிச்சேன். பத்து அடி போயிருப்பேன், லைன் முழுக்க ஏதோ பரவுறது தெரிஞ்சுது.

கஸ்டமர் ஆடிட்!

ஃபேக்டரியில இருக்கிறவங்களுக்கு இது தெரியும். நமக்குச் சாமான் ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனியில இருந்து குறை கண்டுபிடிக்க ஆள் வர்றது. டை, லெதர் பேக், சிவப்பு டேக். நான் அச்சு அசலா அப்படித்தான் இருந்தேன். நெத்தியில இருந்த கண்ணாடியெல்லாம் கண்ணுக்கு இறங்குச்சு. ஒருத்தன் பன் பாக்கெட்டைக் காலால மெஷினுக்கு அடியில தள்ளினான். இன்னொருத்தன் தரையைத் துடைக்க ஆரம்பிச்சான், ஏற்கெனவே துடைச்ச இடத்தையே.

என் ஃப்ரெண்ட் நாகராஜ் கிட்டப் போயி, "டேய், நான்தான்டா"ன்னேன். மெஷின் சத்தம், என் வாயில மாஸ்க், அவன் காதுல இயர் பிளக். நான் ஏதோ கேள்வி கேக்கறேன்னு நினைச்சு, விறைப்பா நின்னு கம்பெனியோட குவாலிட்டி பாலிசியை முதல் வரியில இருந்து ஒப்பிக்க ஆரம்பிச்சிட்டான். நடுவுல நிறுத்த மனசு வரல. ஒரு வார்த்தை தப்பில்லாம முடிச்சான்.

சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. பேக்கை வாங்கிக்கறேன்னு கையை நீட்டினாரு. உள்ள எலுமிச்சை சாதம். நான் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். ஏதோ ரகசிய ஃபைல்னு நினைச்சிருப்பாரு, முகம் வெளுத்திடுச்சு. நான் ஒண்ணுமே கேக்கல, அவரா ஆரம்பிச்சாரு. போன வாரம் அளவு மாறிப்போன கியர் எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சாச்சாம். இனிமே அப்படி வராதாம்.

"அந்த ஷிஃப்ட்ல குமரேசன்னு ஒருத்தன் சார். சொன்னா கேக்கவே மாட்டான்."

அளவை மாத்தி வைக்கச் சொன்னதே அந்தாளுதான். மாஸ்க்கைக் கழட்டலாம்னு கை போச்சு. அப்ப சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. "நோட் பண்ணிக்கறேன்"னு மட்டும் சொல்லிட்டு ஓடினேன். ஆடிட்டர் ஓடினதை எங்க லைன்ல யாரும் இதுக்கு முன்னாடி பார்த்திருக்க மாட்டாங்க.

இன்டர்வியூ ரூம்ல ட்ரெய்னிங் ஹெட் மேடமும் இன்னும் ரெண்டு பேரும். கம்பெனிக்குள்ளேயே இருக்கிற ஆளுக்கு எதுக்குய்யா இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டுன்னு கேட்டாங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது, பஸ்ல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொட்டிட்டேன். சூப்பர்வைசர் சொன்னதை மட்டும் விட்டுட்டேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. மேடம் சிரிக்கல.

"இந்தக் கம்பெனியில ஏன் வேலைக்குச் சேர்ந்தீங்க?"

இதுக்கு ஜெயா இங்கிலீஷ்ல ஒரு பதில் எழுதி மனப்பாடம் பண்ண வச்சிருந்தா. ஒரு எழுத்து ஞாபகம் வரல. நிஜம்தான் வந்துச்சு. டிப்ளமோ படிக்கிறப்ப என்கிட்ட ரெண்டே சட்டை. ஒண்ணு கட்டம் போட்டது. பசங்க எனக்கு 'கட்டம்'னே பேர் வச்சிட்டாங்க. மூணு வருஷமும் காலையில டிரஸ் போடறதுன்னாலே அவமானமா இருக்கும். இந்தக் கம்பெனியில யூனிஃபார்ம் கொடுப்பாங்கன்னு தெரிஞ்சுது, அதுக்காகவே சேர்ந்தேன். முதல் நாள் எல்லாரும் ஒரே சட்டையில நின்னோம். என் சட்டையை யாராலயும் எண்ண முடியாதுன்னு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுங்களா. வேலை அப்புறமாத்தான் பிடிச்சுது. புதுசா வர்றவங்களுக்கும் முதல் நாள் அந்த நிம்மதி இருக்கணும், அதுக்குத்தான் இங்க வர ஆசைப்படறேன்னு சொன்னேன்.

சொல்லி முடிச்சதும் இதுவும் போச்சுன்னு தோணுச்சு.

மேடம் எழுந்து கண்ணாடி ஜன்னல் கிட்டப் போனாங்க. அங்கிருந்து பார்த்தா எங்க லைன் முழுக்கத் தெரியும். இன்னமும் ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் கண்ணாடி போட்டிருந்தாங்க. நாகராஜ் இன்னும் விறைப்பாவே நின்னான்.

"மூணு வருஷமா கண்ணாடி போடுங்கன்னு கத்தறேன்"னாங்க. "திங்கட்கிழமையில இருந்து இங்க வந்துடுங்க. ஆனா ஒண்ணு. வாரத்துக்கு ஒரு நாள் இதே சட்டை, இதே டை, இதே பேக்கோட அந்த லைன்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரணும்."

ஆக, சட்டைக்கு வேலை கிடைச்சிருச்சு. நான் கூடமாட ஒத்தாசைக்குப் போறேன்.