குனில்லாவின் இடப்பக்கத்து நாற்காலி

சாப்பாட்டு மேசையில் தன் பெயர் எழுதிய அட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்ததும் யோரன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டான்.

விருந்து வைக்கிற வீட்டுக்காரி குனில்லாவின் நாற்காலிக்கு இடப்பக்கத்து நாற்காலி.

"அடக் கடவுளே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். அறையில் யாரும் இல்லை, அதனால் அந்த அளவுக்காவது குரல் வந்தது.

எங்கள் ஊரில் ஒரு விருந்துக்காவது போனவர்களுக்கு இந்த நாற்காலியின் சங்கதி தெரியும். வீட்டுக்காரிக்கு இடப்பக்கம் உட்காருகிற ஆள்தான், சாப்பாடு முடிகிற சமயத்தில் கரண்டியால் கிளாஸைத் தட்டி, எழுந்து நின்று, எல்லார் சார்பிலும் நன்றி சொல்லிப் பேச வேண்டும். 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இறைச்சியைப் புகழ வேண்டும், குழம்பைப் புகழ வேண்டும், வீட்டுக்காரியைப் பற்றி மனசைத் தொடுகிற மாதிரி நாலு வார்த்தை, நடுவில் சிரிக்கிற மாதிரி ரெண்டு வார்த்தை. அதுவரை பதினாலு பேர் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யோரனுக்கோ மூன்று பேருக்கு மேல் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நேற்று இன்று வந்த கோளாறு இல்லை. பதினைந்து வயதில், வகுப்பில் விலாங்கு மீனைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கரும்பலகைக்கு முன்னால் நாலு நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றான். முகம் மட்டும் சிவந்துகொண்டே போனது. பின்வரிசைப் பயல்கள் வைத்த 'பீட்ரூட்' என்ற பெயர் பள்ளி முடிகிறவரை ஒட்டிக்கொண்டது.

என்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்கு யோசனை சொல்ல அந்தப் பள்ளியில் ஒரு அம்மாள் இருந்தாள்.

"உனக்கு என்ன பிடிக்கும் யோரன்?"

"பேசக் கூடாது."

"அது பிடிக்காததுப்பா. பிடிச்சதைச் சொல்லு."

"பேசாம இருக்கிறது பிடிக்கும்."

அந்த அம்மாள் வாத்தியார், வக்கீல், பாதிரியார் என்று பட்டியலில் வரிசையாக அடித்துக்கொண்டே வந்தாள்.

"பஸ் ஓட்டுறியா?"

"நடுவழியில பஸ் நின்னுட்டா ஜனங்ககிட்ட காரணம் சொல்லணுமே."

"சரி, வீடுகள்ல புகைபோக்கி சுத்தம் பண்ற வேலை இருக்கு. கூரை மேல ஏறணும்."

"கூரை மேல யாரு இருப்பா?"

"யாரு இருப்பா? காக்கா இருக்கும்."

"காக்கா பரவாயில்ல" என்றான் யோரன்.

அப்படி எடுத்த முடிவுதான். நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அந்த வேலையில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. முகம் முழுக்கக் கரி அப்பியிருக்கும்போது சிவந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மேலாளர் பதவி தேடி வந்தது, மாசம் ஒரு கூட்டத்தில் பேச வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டான். ஒரு கல்யாணமும் கைநழுவியது. கல்யாண விருந்தில் மாப்பிள்ளை பேச வேண்டுமே என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனான். நாலாவது தடவை தள்ளியபோது அந்தப் பெண் வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நியாயம்தானே!

இப்போது ஐம்பத்தைந்து வயதில் இந்தக் குனில்லா.

அவள் கணவன் ராக்னர் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை புகைபோக்கி துடைத்தால் போதும். ஆனால் மூன்று வருஷமாக அவள் வருஷத்துக்கு நாலு தடவை கூப்பிடுகிறாள். ஈர விறகை எரிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு யோரனும் போய்வந்தான். வேலை முடிந்ததும் சமையலறைப் படியில் காபி, ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களையெல்லாம் தள்ளுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பான். கரண்டியைக் காபியில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவான்.

போன மாதம் அவளே சொன்னாள். "என் மக ஸ்டீனா, இந்த வீட்டை வித்துட்டு மால்மோவுக்குத் தன்கூட வந்துடுன்றா. ஒரே புள்ளை, அவ சொல்றதும் சரிதான். ராக்னர் போனப்புறம் இந்த வீட்ல ஒரு விருந்துகூட வைக்கல. ஒண்ணு வெச்சுப் பார்க்கிறேன். சாப்பாடு முடியறப்போ முடிவு சொல்லிடுறேன்."

விற்காதீர்கள் என்று சொல்ல யோரன் நாலு வாரமாக ஒத்திகை பார்த்தான். குளியலறைக் கண்ணாடி முன்னால் நன்றாகவே வந்தது. அவளைத் தனியாகப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிற ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டதால் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். குனில்லாவின் மகள் ஸ்டீனா சன்னல் வழியாகப் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

உட்கார்ந்தவன் கண்ணில் முதலில் பட்டது அந்த அட்டை.

இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. மேசையின் மறுகோடியில் 'பெர்டில்' என்று ஒரு அட்டை இருந்தது. பெர்டில் வீட்டுத் தரகன். தூங்கும்போதுகூட அவன் பேசுவான் என்று அவன் மனைவியே சொல்வாள். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா? யோரன் அட்டை இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய்ச் சுவரில் இருந்த படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். குனில்லா நீல கவுனில் வந்தாள். இடப்பக்கம் பார்த்தாள். அங்கே பெர்டில் துண்டை மடியில் விரித்துக்கொண்டிருந்தான். அட்டையைப் பார்த்தாள், பெர்டிலைப் பார்த்தாள், மறுகோடியில் யோரனைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இந்த இடமா! என்ன மரியாதை, என்ன மரியாதை!" என்றான் பெர்டில். "கவலைப்படாதீங்க குனில்லா, ராக்னர் அளவுக்கு வராட்டியும் ஒரு இருபது நிமிஷம் பேசிடுறேன். மனுஷன் பாலத்தைத் திறந்துவெச்ச அன்னைக்குப் பேசின பேச்சு இருக்கே! பாதி ஊரு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சு, அப்பவும் பேசிட்டிருந்தார்."

எல்லாரும் சிரித்தார்கள். யோரன் தப்பித்தோம் என்று மூச்சுவிட்டான். விட்ட மூச்சு உள்ளே போவதற்குள் பக்கத்தில் இருந்த தாக்மார் அவன் முழங்கையைத் தட்டினாள். அவள் தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள்.

"யோரன்! நல்லவேளை நீங்க வந்தீங்க. முதல் கிளாஸ் குடிக்கிறதுக்கு முன்னால பாட்டை எடுத்துக்கொடுக்கிறவர் இந்த நாற்காலியிலதான் உக்காரணும்னு குனில்லாகிட்ட சொல்லி வெச்சேன். பெர்டில் பாடுவார்னு நினைச்சேன். நீங்களா! சபாஷ்! எழுந்திருங்க."

"நானா?"

"பின்ன, நானா? கட்டை குரலா இருந்தாலும் பரவாயில்ல. கூட நாங்க பாடுவோம்."

பதினாலு கிளாஸ் ஒன்றாகத் தூக்கப்பட்டது. இருபத்தெட்டு கண்கள். யோரனுக்குக் காதிலிருந்து கழுத்து வரை சூடேறியது. பீட்ரூட். ஏதாவது சொல்லியாக வேண்டும், எதையாவது.

"புகை" என்றான்.

"எந்தப் பாட்டு அது?"

"புகை நாத்தம் வருது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் 'குளிர்ல மூக்கு அடைச்சிருக்கு, சும்மா இரு' என்றிருப்பார்கள். சொன்னது நாற்பது வருஷம் புகைபோக்கிக்குள் கிடந்தவன். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. யாரோ சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்கள். நவம்பர் காற்று புகுந்து மெழுகுவத்தி அத்தனையையும் அணைத்தது. மான் இறைச்சிக் குழம்பின் மேல் ஆடை படிந்தது.

யோரன் சுவரோரத்தில் அறையைச் சூடாக்க விறகு எரிக்கிற பீங்கான் கணப்பின் முன்னால் மண்டியிட்டு, அதன் சின்னக் கதவைத் திறந்து, தலையை எவ்வளவு நுழைக்க முடியுமோ அவ்வளவு நுழைத்தான். காலையில் எரித்து அணைத்த கணப்பு இதமான சூட்டில் இருந்தது. அந்த வீட்டில் அவனுக்கு நிம்மதியாக இருந்த ஒரே இடம் அதுதான். கோளாறு ஒரு மண்ணும் இல்லை. செப்டம்பரில் அவன் கையாலேயே துடைத்த புகைப் பாதை, கண்ணாடி மாதிரி இருந்தது.

"என்ன யோரன்? ஏதாவது ஆபத்தா?" குனில்லாவின் குரல் முதுகுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில்.

இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய்ப் பாட வேண்டும்.

"பார்க்கணும்" என்றான் கணப்புக்குள்ளிருந்து.

"கேட்டீங்களா, பார்க்கணுமாம்!" பெர்டில் பிடித்துக்கொண்டான். "நூறு வருஷத்து வீடு! ஒரு பொம்பளை தனியா இருக்கிற இடமா இது? நான் ஒரு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன். இப்ப துடைக்கிறவரே சொல்றார்!"

யோரன் தலையை வேகமாக வெளியே இழுத்ததில் கதவின் இரும்பு மண்டையில் மோதியது. அப்படி நான் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் எல்லாரும் கோட்டும் சால்வையுமாக மேசைக்குத் திரும்பியிருந்தார்கள். பாட்டு தானாகவே மறந்துபோனது. நெற்றியில் ஒரு கரிக்கோட்டோடு யோரன் ஆறிப்போன உருளைக்கிழங்கை வெட்டி வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். மறுகோடியில் பெர்டில் விரலை மடக்கி மடக்கிக் கூரை, குழாய், படிக்கட்டு, பனி அள்ளுவது என்று குனில்லாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். இரண்டு மணி நேரம்! அந்த நாற்காலியில் அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தது யார்? யோரனுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

கடைசியில் பெர்டில் கிளாஸைத் தட்டி எழுந்தான். இறைச்சியைப் புகழ்ந்தான், குழம்பைப் புகழ்ந்தான், ராக்னரைப் புகழ்ந்தான். சொன்ன இருபது நிமிஷம் ஆனதும் குரலைத் தாழ்த்தினான்.

"குனில்லா ஒரு முடிவு எடுக்கணும். நான் தரகன், நான் சொன்னா வியாபாரம்னுவீங்க. யோரன்! ஐயா, நீங்க எழுந்து நில்லுங்க. தொழில் தெரிஞ்சவர் நீங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இந்தப் புகைபோக்கியை நம்பி இவங்க இங்க இருக்கலாமா?"

யோரன் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. எல்லா முகமும் திரும்பியது. 'இருக்கலாம்' என்ற ஒரே வார்த்தை. நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. அங்கே நின்றுகொண்டது.

"சொல்லுங்க யோரன்" என்றாள் குனில்லா. "நீங்க சொல்றதுதான்."

அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. இதற்காகவாவது வாயேன் என்று அவன் அந்த வார்த்தையைக் கெஞ்சினான். வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. யாரோ இருமினார்கள். கரி மறைக்காத முகம் சிவந்து, கண் நிறைந்து, அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பாவம், நல்ல மனுஷன். சொல்ல மனசு வரல" என்றான் பெர்டில். "இதுக்கு மேல என்ன வேணும்?"

குனில்லா துண்டை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சரி ஸ்டீனா. வித்துடலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். தாக்மார் அழுதே விட்டாள்.

காபிக்குக்கூட நிற்காமல் யோரன் வாசல் பக்கம் வந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பெர்டில் மேசையைத் துடைத்து விற்பனைக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டிருந்தான். குனில்லா மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். ஸ்டீனா அவன் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கணும் யோரன். அந்த அட்டையை நீங்க மாத்தி வெச்சதைச் சமையல்கட்டுக் கதவிலேர்ந்து நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மா கையில குழம்புச் சட்டி இருந்துச்சு, அப்படியே நின்னுட்டாங்க. ஒரு வேளைச் சாப்பாட்டை அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடக்கூடவா உங்களுக்குப் பிடிக்கல?"

எதிரே ஒரே ஒருத்திதான் இருந்தாள். யோரனுக்குப் பேச்சு மடை திறந்துகொண்டது.

"ஐயோ, அப்படி இல்லம்மா! பிடிக்காம இருக்குமா? மூணு வருஷமா அவங்க பக்கத்துல உக்காருறதைத்தானே நினைச்சிட்டிருக்கேன்! புகையும் இல்ல, ஒண்ணும் இல்ல, அந்தப் புகைபோக்கி இன்னும் நூறு வருஷம் நிக்கும். அந்த நாற்காலியில உக்காந்தா கடைசியில எழுந்து நின்னு பேசணுமே, எனக்குத்தான் பேச வராதே, உங்கம்மாவை நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்திடுவேனேன்னு பயந்துதான் மாத்தினேன்!"

ஸ்டீனா கோட்டோடு அப்படியே செருப்புப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேச வராதுன்னு தெரிஞ்சுதானே அம்மா அந்த நாற்காலியை உங்களுக்குப் போட்டாங்க! 'முப்பத்திரண்டு வருஷம் உங்கப்பா பேசிக் கேட்டாச்சு ஸ்டீனா, இன்னைக்கு யோரன் எழுந்து நின்னு ஒண்ணுமே பேசாம என் பக்கத்துல உக்காந்துட்டார்னா, நான் இந்த வீட்டை விக்க மாட்டேன்'னாங்க."