யுத்தமும் ஒத்துக்கொள்ளாத அரக்கனும்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எழுபதுகளில் எத்தனையோ சண்டைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தன்னோடு தானே போர் புரிந்து, தன்னிடம் தானே தோற்று, சோறு தண்ணி இல்லாமல் துக்கம் கொண்டாடியவன் இந்த உலகத்திலேயே யுத்தம் ஒருவன்தான். அவனைக் கூப்பிடுவதே அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

லேத் பட்டறையில் என்னோடு வேலை. திருமுல்லைவாயிலில் ஸ்டெல்லாக்கா வீட்டின் பின்பக்க அறையில் இருவரும் குடியிருந்தோம். அங்கிருந்த ஒரே மேஜை அவனுடைய போர்க்களம். நான் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும். பட்டறையிலிருந்து அள்ளி வந்த இரும்புச் சுருள்தான் காடு, சோப்பு டப்பாதான் கோட்டை. வீரர்களோ, ஸ்டெல்லாக்கா கழித்துக்கட்டிய கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். மூக்குடைந்த மூன்று ராஜாக்களுக்கும் தகர வாள் ஒட்டிப் படைத்தலைவர்களாக்கினான். இடையர்கள் கையில் வேல். ஒட்டகத்துக்குக் கொம்பு. சம்மனசுக்கு, அதாவது இறக்கை வைத்த தேவதூதனுக்கு, கறுப்புப் பெயிண்ட் அடித்து, கோரைப்பல் வைத்து, கோட்டைக்குள் அரக்கனாக உட்கார வைத்தான்.

ராஜாக்களுக்காகத் தாயக்கட்டை உருட்டுவான். எதிரியாக ஆட வேண்டுமென்றால் முன்கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிப் பின்கதவு வழியாக வருவான். ஒரு பக்கத்து ரகசியம் மறுபக்கத்துக்குத் தெரியக் கூடாதாம். கொட்டுகிற மழையிலும் சுற்றுவான். கொஞ்சம் குந்துடா என்றால், “போர் நடந்துகினு கீது மச்சான், குந்தினா எப்டி?” என்பான்.

அந்த வருஷம் டிசம்பரில் முற்றுகை உச்சத்தில் இருந்தது. கோட்டை இன்றைக்கு விழுமா நாளைக்கு விழுமா என்று அவனுக்குத் தூக்கமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் ஸ்டெல்லாக்கா வந்து நின்றார். பாரிமுனையில் வாங்கிய புதுப் பொம்மைகள் பஸ் நெரிசலில் நொறுங்கி, மாதாவும் சூசையப்பரும் பாலனும்தான் மிஞ்சினார்களாம். சாயங்காலம் தெருவே குடில் பார்க்க வரும், பழையதையாவது கொடு என்றார்.

யுத்தத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பாதியில் எடுத்தால் யார் ஜெயித்தார்கள் என்றே தெரியாமல் போய்விடும். ஆனால் அக்காவிடம் எப்படி மாட்டேன் என்பது? சமாதானம் பேசிப் பார்த்தான். தாயம் விழுந்தால் சம்மதம். ராஜாக்களுக்காக உருட்டினான், தாயம் விழுந்தது. ஓடிச் சுற்றி வந்து அரக்கனுக்காக உருட்டினான், விழவில்லை. மறுபடி ஓடினான், மறுபடியும் விழவில்லை. வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றான்.

“ராஜாங்க சரின்ட்டாங்கக்கா. இந்த அரக்கன்தான் ஒத்துக்க மாட்டேன்றான்.”

கட்டையைத் திருப்பி வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். கொலைகாரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

ஸ்டெல்லாக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு, குனிந்து அரக்கனையே ஒரு பிடி பிடித்தார்.

“இன்னாடா உனக்கு? புள்ள பொறக்கப் போற ஊட்ல சண்ட போட்டுகினு கீற. மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் கம்னு கெட.”

கட்டையை உருட்டினார். தாயம் விழுந்தது.

அன்று மாலை குடிலில் வாளோடு ராஜாக்கள், கொம்போடு ஒட்டகம், கோரைப்பல்லோடு சம்மனசு. தெரு ஜனம் வாயைப் பிளந்தது. யுத்தம் குடிலைச் சுற்றிச் சுற்றி வந்து, தொட வந்த கைகளையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அக்கா சொன்னபடி பொம்மைகளைத் திருப்பிக் கொடுத்தார். அவனும் பழைய இடங்களில் நிறுத்தினான். கட்டையை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

“ஒரே புள்ளயப் பாத்துகினு இத்தினி நாள் ஒண்ணா நின்னுச்சிங்க மச்சான். இப்ப போயி அடிச்சிக்கன்னு எப்டி சொல்றது?”

எல்லாவற்றையும் அக்காவிடமே கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் காலி மேஜையைச் சுற்றி அவன் நடந்த நடை இருக்கிறதே, எண்ணி மாளாது. பொறுக்க முடியாமல் சட்டையைக் கழற்றினேன். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேஜையின் ஒரு பக்கம் அடுக்கினேன். இது என் படை, உன்னுடையதைக் கொண்டா என்றேன்.

என் பொத்தான்களை எண்ணிப் பார்த்தான். பிறகு தன் சட்டையிலும் கை வைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

மறுநாள் இருவரும் ஊக்கு குத்திய சட்டையோடு வேலைக்குப் போனோம். அவனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.