அழிக்கத் தெரியாத மேனுவல் சார்

இனி இந்தக் கை ஒரு பாத்திரத்தையும் தொடாது என்று மேனுவல் சார் சபதம் எடுத்தபோது, அந்தக் கை முழங்கைவரை சோப்பு நுரையில் இருந்தது.

அவருக்குத் தொழில் கையேடு எழுதுவது. மிக்சியோ மின்விசிறியோ வாங்கினால் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, யாரும் பிரித்துப் பார்க்காத புத்தகம், அதைத் தமிழில் மொழிபெயர்ப்பவர் அவர்தான். அதனால் தெருவுக்கே மேனுவல் சார். மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. அவள் நாளெல்லாம் நின்று சம்பாதிக்கிறாள், இவர் வீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறார். ஆகவே ராத்திரிப் பாத்திரம் இவர் பங்கு. இந்த ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் வலது மணிக்கட்டில் பெரிய கட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"சுளுக்கு."

"எப்படி வந்துது?"

"சொல்லிட்டா வரும்? தானா வந்துது."

மனைவி கட்டைப் பார்த்தாள். கட்டுக்கதையையும் பார்த்தாள். ஊரார் கண்ணுக்குள் எல்லாம் விளக்கடித்துப் பார்க்கிறவளுக்குப் புருஷன் முழிக்கிற முழி தெரியாதா? ஆனாலும், "ஐயோ பாவம்" என்று மட்டும் சொன்னாள். மேனுவல் சார் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அவள் ஒரு மைக்கோடு வந்தாள்.

"இதுல பேசினாப் போதுமாம். கம்ப்யூட்டர் தானே எழுதிக்கும். 'முற்றுப்புள்ளி'ன்னா புள்ளி வைக்கும். 'அழி'ன்னா கடைசியாச் சொன்னதை அழிச்சிடும். 'எல்லாம் அழி'ன்னா மொத்தமும் போயிடும். பாவம், கை வலியோட எப்படி டைப் அடிப்பீங்க?"

"உனக்கு எதுக்கு வீண் சிரமம்..."

"இதுல என்ன சிரமம்? ஒரு வாரம் லீவும் போட்டிருக்கேன்."

"லீவா? எதுக்கு?"

"உங்களைப் பாத்துக்கத்தான்."

பார்த்துக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. இது எந்த வகை என்று அவர் யோசிப்பதற்குள், கீபோர்டையும் மவுசையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காதாம்.

கையில் அப்போதிருந்த வேலை, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான கையேடு. மறுநாள் மத்தியானத்துக்குள் கம்பெனிக்குப் போயாக வேண்டும். மேனுவல் சார் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ராஜா ஓலை சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தார். சமையலறையில் மனைவி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஆகா, அதுவல்லவோ சங்கீதம்! சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார். திரையில் இப்படி இருந்தது:

'எங்கள் பாத்திரக் களவு இயந்திரத்தை வாங்கியதற்கு நன்றி. களவுக்கு முன் தண்ணீர்க் குளத்தைத் திறக்கவும். பச்சைப் பொத்தானை அலுக்கவும். பளு ஏற்பட்டால் கிளியே பார்க்கவும்.'

விஷயம் இதுதான். மேனுவல் சார் தமிழை வைத்துப் பிழைப்பவர். ஆனால் 'தமிழ்' என்ற சொல்லின் கடைசி எழுத்து அவர் வாய்க்கு ஒருநாளும் வந்ததில்லை. அவருக்கு மழை 'மளை'. கிழமை 'கிளமை'. மனிதர்கள் பெரிய மனசு பண்ணிச் சரியாகப் புரிந்துகொள்வார்கள். இயந்திரத்துக்கு ஏது மனசு? அவர் குழாயைக் 'குளாய்' என்றார், அது குளமே வெட்டிவிட்டது.

சரி, அழித்துவிட்டு மறுபடி சொல்லலாம் என்று மைக்கை நெருங்கினார்.

"அளி."

திரையில் 'அளி' என்று விழுந்தது.

"அளி. அளி! அட சனியனே, அளி!"

'அளி. அளி அட சனியனே அளி' என்று எழுதிவிட்டு, அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தது இயந்திரம். கடவுளைத் திட்டிக்கொண்டே வரம் கேட்கிற பக்தனின் பாட்டுப் போல இருந்தது பக்கம்.

மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"அதுகிட்டப் போய் என்னத்தை அளிக்கச் சொல்றீங்க?"

"நான் அளிக்கச் சொல்லலை. அளிக்கச் சொல்றேன்!"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணு குடுக்கற அளி. இன்னொண்ணு இல்லாமப் பண்ற அளி!"

அவள் மைக் பக்கம் லேசாகக் குனிந்தாள். "அழி" என்றாள். ஒரே சொல். கடைசி வரி இருந்த இடம் தெரியாமல் போனது. இன்னொரு 'அழி'. இன்னொரு வரி. மேனுவல் சார் வாயைப் பிளந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனைவி சொல்லுக்கு இவ்வளவு சீக்கிரம் கட்டுப்பட்டது, அவருக்கு அடுத்தபடியாக அந்த இயந்திரம்தான்.

"மிச்சத்தையும் அளிச்சுடும்மா."

"எனக்குத் துணி மடிக்கற வேலை கிடக்கே."

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்க வேணா மடிங்களேன். இடது கையில சுளுக்கு இல்லைதானே?"

வியாபாரம் அங்கே படிந்தது. அவள் ஒன்று அழித்தால் இவர் ஒன்று அளிக்க வேண்டும். 'களவு' போவதற்குத் துணி மடித்தார். குளத்தைத் தூர்ப்பதற்குத் தரை துடைத்தார். கிளியை விரட்டுவதற்கு மின்விசிறியில் ஒட்டடை தட்டினார். எல்லாம் இடது கையால். சுளுக்கு வருவதற்கு முன்னால் ராத்திரிக்கு ஒரு வேலைதான். இப்போது எட்டு வேலை. நடுநடுவே, "நாக்கை உள்ளே மடிங்க, ழ, ழ" என்று பாடம் வேறு. அவர் மடித்தார். நாக்குதான் சுளுக்கிக்கொண்டது.

ஒரு கட்டத்தில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன நீ, ரொம்பத்தான் ஆட்டம் போடறே? நான் என்ன இந்த வீட்டு வேலைக்காரனா?"

மனைவி துணிக்கூடையைக் கீழே வைத்தாள். மைக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா, நான் ரெண்டே வார்த்தைதான் சொல்லுவேன்."

அந்த இரண்டு வார்த்தை என்ன என்பது அவருக்குத் தெரியும். அத்தனை பக்கமும் போய்விடும். அவர் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

மறுநாள் காலையில் கம்பெனி மேலாளர் போன் பண்ணினார். "ஆச்சா சார்? ஆச்சா?" என்று குடைந்தார். கையேட்டில் பாதிக்கு மேல் இன்னும் களவு நடந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் தாங்காது என்று மேனுவல் சார் கட்டை அவிழ்த்து வீசினார்.

"சுளுக்கு விட்டுடுச்சு. பாரு, விரல் எல்லாம் ஆடுது. கீபோர்டை எடு."

"ஐயோ, நீங்களா அவுக்கலாமா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் வாங்க. ஊசி போட்டாலும் போடுவார்."

"டாக்டர் எதுக்கு?"

"அப்ப கையை நீட்டுங்க."

நீட்டினார். முன்னைவிட இறுக்கமாகக் கட்டினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே உட்கார்ந்தாள். "அந்த இங்கிலீஷ் பேப்பரை என் கண்ணுக்கு நேராப் பிடிங்க" என்றாள். சொல்ல ஆரம்பித்தாள். கழுவும், குழாய், அழுத்தவும், பழுது, கீழே. ஒவ்வொரு ழகரமும் உருட்டிவிட்ட கோலிக்குண்டு மாதிரி நேராகப் போய்க் குழியில் விழுந்தது. பேப்பரில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டாள். 'பாத்திரத்தை அடுக்கும் முன் மிச்சம் மீதியை வழித்துப் போடவும். அதை மனைவி செய்வாள் என்று இருந்துவிட வேண்டாம்.'

"இது மூலத்துல இல்லையே!"

"மூலத்தை எழுதினவனும் உங்களை மாதிரி ஒருத்தனாத்தான் இருப்பான். பேப்பரை ஆட்டாதீங்க."

மத்தியானத்துக்குள் அனுப்பியும் விட்டாள். மேலாளரை அழைத்து இரண்டு வார்த்தை பேசினாள். சிரித்துப் பேசினாள். மேனுவல் சார் அப்போது, கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மேலாளரிடமிருந்து அவருக்கே போன் வந்தது.

"சார், கையேடு பிரமாதம்! படிச்சுட்டு ஆபீசே சிரிச்சுது. முதல் தடவையா ஒரு மேனுவலை முழுசாப் படிச்சேன்னு முதலாளியே சொல்றார். இனிமே எல்லாத்தையும் மேடமே சொல்லட்டும்னு முடிவாயிடுச்சு."

மேனுவல் சார் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப நான்?"

"உங்களை விட்டுடுவோமா? விளம்பரப் படம் ஒண்ணு எடுக்கறோம் சார். ஒரு பக்கம் நம்ம இயந்திரம் பாத்திரம் கழுவுது. இன்னொரு பக்கம் ஒரு ஆள் கையால கழுவறார். இயந்திரம்தான் ஜெயிக்கணும். யாரைப் போடறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தோம். மேடம்தான் சொன்னாங்க, நிச்சயமாத் தோக்கற ஆள் ஒருத்தர் கைவசம் இருக்கார்னு."