ஓடையில் போட்ட மரம்

நேற்று ஓடையில் போட்ட மரத்தைக் காணோம்.

மீன்வள அதிகாரி கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் பளிச்சென்று இருந்தது. எந்த மீனுக்கும் குடியிருக்க லாயக்கில்லாத சுத்தம்.

"மறுபடியும் எடுத்துட்டானுங்க!"

"எடுக்கத்தான் சார் செய்வாங்க," என்றார் கிரேன் டிரைவர். "விழுந்த மரத்தை எடுக்கச் சொல்லித்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுவாங்க. தண்ணியில போடச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆளு நீங்கதான்."

"மரம் கிடந்தாத்தான்யா அதுக்கடியில மீன் ஒதுங்கும், குஞ்சு பிழைக்கும். வெள்ளிக்கிழமை டைரக்டர் வர்றார். மீன் கண்ணுல படலைன்னா திட்டத்தை மூடிட்டு என்னை ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிடுவாங்க."

அன்றே இன்னொரு மரம் இறங்கியது. பக்கத்தில் ஒரு பலகை: 'இது வேண்டுமென்றே போடப்பட்டது.' ஊர் ஜனங்களுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேறென்ன வேண்டும்? மறுநாள் மரம் போயிருந்தது. பலகையடியில் ஒரு கிழிந்த மெத்தை வேண்டுமென்றே போடப்பட்டிருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அதிகாரி குமுறித் தீர்த்தார். நடுவில் மனைவி தன் புது ஆபீசைப் பற்றி என்னவோ ஆரம்பித்தாள்.

"இரு, நான் முடிச்சிடறேன்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இன்னும் முடிக்கவில்லை.

அடுத்த மரத்தை வேரோடு கொண்டுவந்து, ஓடை நடுவில் இருந்த பாறையோடு சங்கிலி போட்டுக் கட்டினார். மாலைக்குள் மரம் போனது, சங்கிலி போனது, பாறையும் போனது. பாறையடியில் இருந்த கொஞ்சநஞ்ச மீனும் வெறுத்துப்போய் இடத்தைக் காலி செய்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்தார். குனிந்து பார்த்தார்.

"மீன் எங்கய்யா? மெத்தையில படுத்துத் தூங்குதா?"

"இருந்தது சார்..."

"திங்கட்கிழமை ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்கங்க," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அதிகாரிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கோபத்தையெல்லாம் டிரைவர் மேல் திருப்பினார்.

"பாறையைக் கையாலயா தூக்குவாங்க? இந்த ஊர்ல இருக்கறது ஒரே கிரேன். உண்மையைச் சொல்லுய்யா!"

"நான்தான் சார் எடுத்தேன். காலையில நீங்க போடச் சொல்வீங்க. சாயங்காலம் வடிகால் ஆபீசுக்குப் புதுசா வந்த இன்ஜினீயரம்மா எடுக்கச் சொல்வாங்க."

"போடச் சொன்னது நான்னு அந்தம்மாகிட்ட சொல்லலையா?"

"முதல் நாளே சொன்னேனே சார்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"'வீட்டுல ஒரு மரத்தோட மாரடிக்கிறது போதாதா, ஓடையில வேறயா'ன்னு கேட்டாங்க சார், உங்க வீட்டம்மா."