கசிவைக் காணோம்

கரைக்காரர் குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், கடைசியில் குப்புறப் படுத்து மண்ணில் கன்னத்தை வைத்தும் பார்த்துவிட்டார். கசிவைக் காணோம்.

அந்தப் பழைய மண் அணையின் கரையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எலி வளை தோண்டினால் அடைக்க வேண்டும், செடி முளைத்தால் வேரோடு பிடுங்க வேண்டும், எங்காவது தண்ணீர் கசிந்தால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். அவர் குடியிருந்த வீட்டுக்கு நேர் எதிரே, கரையின் அடிவாரத்தில், ஓர் இடம் வருஷக்கணக்கில் கசிந்தது. அவரும் வருஷக்கணக்கில் சொன்னார். பழைய இன்ஜினியர் வந்து பார்த்து, "உன் கண்ணுலதான்யா ஒழுகுது" என்று சிரித்துவிட்டுப் போவார். அலுவலகத்தில் அவருக்கு 'ஒழுகல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் போனால் போகட்டும். கரை போனால் முதலில் போவது அவர் வீட்டுச் சமையலறை.

இப்போது புது இன்ஜினியர் வந்திருக்கிறார், வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றேன். கசிவு இருந்தா கரையைப் பலப்படுத்திடலாம். இல்லைன்னா இந்தப் பேச்சே இனி வேணாம்" என்று நேற்று போனில் சொல்லியிருந்தார். மகளின் பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாளாக அங்கேயே இருந்த கரைக்காரரும் மனைவியும் அடித்துப் பிடித்துக்கொண்டு காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினால், கசிந்த இடம் சுட்ட செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கிறது.

"என்னங்க, நின்னுபோச்சுன்னா நல்லதுதானே?" என்றாள் மனைவி.

"இத்தனை வருஷம் ஒழுகினது இன்னிக்கு மட்டும் நிக்குமா? உள்ளுக்குள்ள வேற எங்கயோ வழி பண்ணிக்கிட்டிருக்கு. இவரும் நம்பலைன்னா இனி ஒருத்தனும் நம்ப மாட்டான். ஒருநாள் தண்ணியே வந்து நம்மளக் கட்டில்ல இருந்து எழுப்பும்."

அவளும் சமையலறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இருந்த கசிவுதானே. ஒருநாளைக்கு நாமளே கசிஞ்சுட்டா என்ன தப்பு?"

கட்டிய மனைவி சொன்னால் அப்பீல் ஏது? வீட்டு டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரை இரண்டு வாளியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். மண் மடக்கென்று குடித்துவிட்டு இன்னும் கேட்டது. பார்த்தால் யாரோ சாப்பிட்டுக் கை கழுவின இடம் மாதிரி இருந்தது.

"ஹோஸ் போட்டு விடு."

"அணைத் தண்ணிக் குழாயில காத்துதாங்க வருது."

"வீடு பூட்டிக் கிடந்துச்சுல்ல, அடைச்சிருக்கும்" என்று கரைக்காரர் குழாயை நாலு தட்டுத் தட்டினார். குழாய் ஒரு ஏப்பம் விட்டதோடு சரி.

மனைவியின் தம்பி டவுனில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். போன் போட்டதும் பறந்து வந்தான்.

"எவ்வளவு வேணும் மாமா?"

"லேசா ஈரம் தெரிஞ்சா போதும்."

லேசா என்கிற வார்த்தை லாரிக்குத் தெரியவில்லை. வால்வைத் திறந்ததும் கரையின் ஓரம் ஒரு கட்டில் அகலத்துக்குச் சரிந்து விழுந்தது. முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியது. லாரியின் பின்சக்கரம் பாதிக்கு மேல் சேற்றில் இறங்கிவிட்டது.

"கசிவு கேட்டா குளம் வெட்டிட்டியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டார் கரைக்காரர். ஆயுள் முழுக்கக் கரையைக் காப்பாற்றியவர், தன் கையாலேயே அதில் ஓட்டை போட்டுவிட்டார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுவுறத அப்புறம் வெச்சுக்கங்க" என்றாள் மனைவி. "இது இன்னிக்குப் பண்ணினதுன்னு பாத்தாலே தெரியுது. பழைய கசிவுன்னா ஜீவராசி இருக்கணும்ல?"

பக்கத்து வீட்டு வாத்துகள் இரண்டை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்து விட்டாள். அவை பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல உடனே நீந்தத் தொடங்கின.

இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எவ்வளவு காலமா இருக்கு?"

"வருஷக்கணக்கா சார்." அது உண்மை என்பதால் குரல் நடுங்கவில்லை.

"லாரி?"

"குடிக்கிற தண்ணி குடுக்க வந்தேன் சார். தரை உள்ள இழுத்துக்கிச்சு" என்றான் மைத்துனன். அதுவும் பாதி உண்மை.

"வாத்து?"

"அதுங்களா வந்து தங்கிடுச்சுங்க" என்றாள் மனைவி.

இன்ஜினியர் ஓர் அடி எடுத்து வைத்தார். பூட்ஸ் சேற்றில் முழுசாகப் போனது. தென்னை உயரக் கரையை அண்ணாந்து பார்த்தார். அதற்குப் பின்னால் நிற்கும் தண்ணீரை நினைத்தாரோ என்னவோ, முகம் வெளுத்துவிட்டது.

"இவ்வளவு பெரிய கசிவு. உங்க பேச்சை இத்தனை வருஷமா யாருமே நம்பலையா?"

"ஒருத்தரும் நம்பலைங்க" என்றார் கரைக்காரர். சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். முதல் தடவையாக ஒரு பொய் சொல்லி, முதல் தடவையாக ஒருவர் நம்பியிருக்கிறார். என்ன உலகமடா இது என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கே ஆள் வரும், கரை முழுக்கப் பலப்படுத்திடலாம். அதுக்கு முன்னாடி தண்ணியைக் குறைக்கணும்" என்று இன்ஜினியர், அணையின் மறுகோடியில் இருந்த மதகுக்காரருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"கசிவு ரொம்ப மோசமா இருக்கு. ரெண்டு மதகையும் இப்பவே முழுசாத் தொறந்துவிடுங்க."

ஸ்பீக்கரில் மதகுக்காரர் குரல் கேட்டது.

"தொறக்கத் தண்ணி எங்க சார் இருக்கு, போன வாரமே சொட்டு இல்லாம வடிச்சாச்சு, அணைக்குள்ள இப்ப ஜனங்க கார் ஓட்டப் பழகுதுங்க, மாத்தலாகிப் போறன்னிக்குப் பழைய ஐயாதான் வடிக்கச் சொல்லிட்டுப் போனாரு, 'ஒழுகல் செத்தாலும் பொய் சொல்ல மாட்டான்யா, கரையை நம்பாத, அவனை நம்பு'ன்னு."